குப்பைப் பை திரும்பி வந்த நாளிலிருந்து வாசல் தாண்டவே பிடிக்கவில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 32 வயது, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி முதல் இரண்டு வருடம் டோக்கியோவில் நிஷிகசாயில் இருந்தோம். அங்கே நம்மவர்கள் நிறைய. கறிவேப்பிலை கிடைக்கும், பொங்கலுக்கு நாலு வீடு சேர்ந்துகொள்வோம். போன வருடம் ஏப்ரலில் கணவருக்கு அகிதா மாகாணத்தில், கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு மாற்றல் வந்தது. எங்கள் தெருவில் ஒன்பது வீடு, மூன்று பூட்டிக் கிடக்கிறது, மற்றதில் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் நாங்கள் மட்டும்தான்.

நவம்பரில் ஒரு நாள் எரிக்கக்கூடிய குப்பைக்கான பையில் ஒரு தகர டப்பாவும் தெரியாமல் போய்விட்டது. சாயங்காலம் பார்த்தால் மற்ற எல்லாப் பையையும் எடுத்துப் போயிருக்கிறார்கள், எங்கள் பை மட்டும் சிவப்பு ஸ்டிக்கரோடு அப்படியே கிடக்கிறது. பையின் மேல் பெயர் எழுத வேண்டும் என்பது இந்த ஊர் விதி, அதனால் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு உடம்பே கூசிவிட்டது.

அதற்கப்புறம் குப்பை போட அவர்தான் போகிறார். தாளிக்கும்போது பெருங்காய வாசனை வெளியே போகக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறேன். கைரன்பான் என்று ஒரு அட்டை உண்டு, ஊர் அறிவிப்புகளைச் செருகி வீடு வீடாகச் சுற்ற விடுவார்கள், பார்த்துவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அதைக்கூட இருட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். அந்தப் பாட்டி மாதத்தில் இரண்டு மூன்று தடவை மண் ஒட்டிய முள்ளங்கியோ முட்டைக்கோசோ எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார், மணி அடிக்க மாட்டார். பிரியமா பரிதாபமா, ஒன்றும் புரியவில்லை. ஜனவரியில் பனி கொட்டிய ஒரு காலையில் எங்கள் வாசல் பனியையும் யாரோ தள்ளியிருந்தார்கள்.

டிசம்பரிலிருந்து சூரியனைப் பார்த்த நாள் குறைவு. பத்து மணி வரை எழுந்திருக்க முடியவில்லை, எவ்வளவு தூங்கினாலும் அசதி. ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு போடுவார்கள், அதைக் கேட்டாலே அழுகை வருகிறது. அம்மாவிடம் சொன்னால், "ஜப்பான்ல இருக்க, உனக்கு என்னடி குறை" என்கிறாள். அவரிடம் சொன்னால் உடனே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்கிறார், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான்தான் பலவீனமானவளா?

— ஒரு வாசகி, அகிதா

அன்புள்ள வாசகிக்கு,

பலவீனமானவள் இல்லை. முதலில் உடம்பைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது குப்பைப் பை இல்லை, அந்தப் பத்து மணித் தூக்கம்தான். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அகிதா பக்கத்தில் மேகமாகவும் பனியாகவும் இறக்குகிறது. அதே நாளில் டோக்கியோவில் வெயில் அடிக்கும். தென்காசியில் வளர்ந்த உடம்பு இவ்வளவு வெளிச்சக் குறைவைப் பார்த்ததே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் வருகிற மனச்சோர்வு என்று ஒன்று உண்டு, அதிகத் தூக்கமும் தீராத அசதியும் அதில் சாதாரணம். உங்களுக்கு அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஜப்பானில் ஷின்ர்யோ நைகா என்று பலகை போட்ட மருத்துவமனைகள் மனச் சிரமங்களைப் பார்ப்பவை, அரசு மருத்துவக் காப்பீட்டில் 30 சதவீதம்தான் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இந்த மாதமே போங்கள். அதுவரை காலையில் அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள், வானம் மூடியிருந்தாலும் வீட்டு விளக்கை விட வெளியே வெளிச்சம் பல மடங்கு அதிகம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றே கணவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது வண்டி. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அப்படிப்பட்ட ஊரில் கார் ஓட்டத் தெரியாதவர் கணவர் வரும் வரை காத்துக்கிடக்க வேண்டியதுதான், அது யாரையும் வாட்டும். இந்திய உரிமம் இருந்தால் அதை ஜப்பான் உரிமமாக மாற்றலாம், எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து கடுமையாக்கிவிட்டார்கள், ஆகவே தயாராக நேரம் எடுக்கும், பரவாயில்லை. பனி உருகுவதற்குள் படிக்கத் தொடங்கினால் மனதுக்கும் ஒரு பிடிப்பு.

பைக்கு வருகிறேன். குப்பை பிரிக்கும் விதி ஊருக்கு ஊர் மாறும், நிஷிகசாயில் பழகியது அங்கே செல்லாது. டோக்கியோவிலிருந்து கிராமத்துக்குக் குடிபோகும் ஜப்பானியர்களே திணறும் விஷயம் இது. அந்தத் தெருவில் ஒருவர் முகம் சுளித்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் வாசல் பனியைத் தள்ளியவரும் அந்தத் தெருவில் யாரோ ஒருவர்தானே? அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், சிவப்பு ஸ்டிக்கருக்கு மட்டும் ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். கூச்சம் நம்மை அப்படித்தான் எண்ண வைக்கும்.

பாட்டி செய்வதற்கு அங்கே ஒஸுஸோவகே என்று பெயர், தன்னிடம் மிஞ்சியதைப் பகிர்வது. நம் ஊரில் முருங்கை காய்த்துத் தள்ளினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கட்டு போகும் அல்லவா, பரிதாபப்பட்டா கொடுக்கிறோம்? மணி அடிக்காமல் போவதுகூட, உங்களைப் பதிலுக்கு ஓட வைக்கக்கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதவர்கள் நாம், இரண்டு ரவா லட்டு போதும், அதே அளவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஊருக்குப் போக வேண்டாம், பத்து நிமிஷம் கேளுங்க போதும்." அவர் பயத்தில் தீர்வு சொல்கிறார், பாவம். வாரத்தில் ஒரு குப்பை நாளையாவது அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துப் போகும் முன் எதில் சந்தேகமோ அதைத் தனியாக வைத்துக்கொண்டு பாட்டியிடம் காட்டி, "கொரே வா தோகோ?" என்று கேளுங்கள், இது எங்கே என்று அர்த்தம். அவ்வளவு ஜப்பானிய மொழி போதும்.

அடுத்த தடவை கைரன்பான் வரும்போது பகலிலேயே போய் மணி அடியுங்கள். கதவு திறந்ததும் இரண்டு கையாலும் கொடுங்கள், லட்டையும் சேர்த்து. என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.