ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்கள் எப்படித் தோன்றினார்கள்? ‘புஷிடோ’ எனப்படும் அவர்களது போர்வீரர் நெறி தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்ட ஒழுக்க நெறியா?

‘சாமுராய்’ என்னும் சொல், பணிந்து ஏவல் செய்தல் என்று பொருள்படும் பழைய ஜப்பானிய வினையிலிருந்து பிறந்தது. ஆகவே அது முதலில் போர்வீரனை அன்று, பணியாளனையே குறித்தது. ஜப்பானியப் பேரரசவை 792இல் கட்டாயப் படைச்சேவையைப் பெரும்பாலான மாகாணங்களில் கைவிட்டபின், நிலங்களைக் காக்கவும் கலகங்களை அடக்கவும் குதிரையேறி வில்லெய்யும் மாகாணக் குடும்பங்களை அது நம்ப வேண்டியதாயிற்று. அவற்றுள் வலுப்பெற்ற தைரா, மினமோட்டோ குலங்கள் 1180 முதல் 1185 வரை பொருதின; வென்ற மினமோட்டோ யோரிட்டோமோ 1192இல் ஷோகன், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர், என்னும் பட்டம் பெற்றார். இவ்வாறு உருவான சாமுராய்களின் முதன்மை ஆயுதம் அக்காலத்தில் வாளன்று, வில்லே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நெறியைப் பொறுத்தவரை, எல்லாச் சாமுராய்களும் ஏற்ற ஒரே சட்டநூல் என்றும் இருந்ததில்லை. உள்நாட்டுப் போர்கள் மலிந்த 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தலைவனைக் கவிழ்த்துத் தொண்டன் ஆட்சியைப் பிடிப்பது அடிக்கடி நிகழ்ந்தது. கைவிடாத விசுவாசம் என்ற பிம்பத்தை இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பின்னர் வந்த தொக்குகாவா ஷோகன்களின் ஆட்சி 1615இல் போர்வீரக் குடும்பங்களுக்கான விதிகளை வெளியிட்டது. நீண்ட அமைதியில் அலுவலர்களாகிவிட்ட சாமுராய்களுக்குக் கடமை, எளிமை, கல்வி ஆகியவற்றைக் கன்பூசியச் சிந்தனை வழியே வலியுறுத்திய எழுத்துகள் அப்போதுதான் பெருகின. உலகம் இன்று அறிந்த புஷிடோவோ, ஜப்பானிய அறிஞர் நிட்டோபே இனாசோ 1900இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலால் பரவியது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே சாமுராய்கள் பொது இடங்களில் வாள் தரிக்கும் உரிமையை இழந்திருந்தனர்.