கேரவனில் சார்ஜிங் பாயின்ட்டை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் கேரவனில் கட்டில் பக்கத்தில் இருக்கும் பழைய யூஎஸ்பி பாயின்ட்டில் ராத்திரி முழுக்கப் போட்டாலும் போன் நிரம்புவதில்லை, லேப்டாப்புக்கு வழியே இல்லை. அதைக் கழற்றிவிட்டு டைப்-சி மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் முதலில் பின்னால் வரும் ஒயரைப் பாருங்கள். பழைய பாயின்ட்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் 1 அல்லது 2.1 ஆம்பியர்தான் தரும், அதாவது 5 முதல் 10 வாட், அதற்கு மெல்லிய ஒயரே போதும் என்று அப்போது விட்டிருப்பார்கள். லேப்டாப்புக்காக 60 வாட் டைப்-சி போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 100 வாட் என்றால் 9-ஐத் தொடும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், ஒயரும் சூடாகும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸைச் சொருகும் வேலை மட்டும் வேண்டாம், அது இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். ஃபியூஸ் பெட்டியிலிருந்து தடிமனான தனி ஒயர் இழுப்பதே மேல்.

கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வெளிக்கரண்ட் பிளக்கையும் பிடுங்குங்கள், சோலார் இருந்தால் அதையும். வெளிக்கரண்ட் பிளக் மாட்டியே இருந்தால், பேட்டரியைக் கழற்றினாலும் கன்வெர்ட்டர் (வெளிக்கரண்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) வழியாக 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும் (பலர் மறப்பது இதைத்தான்). சிகரெட் லைட்டர் சாக்கெட் இருந்த சுமார் 29 மில்லிமீட்டர் ஓட்டையிலேயே பல புது பாயின்ட்டுகள் உட்கார்ந்துவிடும். அப்புறம், சுவிட்ச் வைத்ததாக வாங்குங்கள். பாயின்ட்டில் எரியும் நீல விளக்கு ராத்திரி கண்ணைக் குத்தும், வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது பேட்டரியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.