மொரிஸ் மைனருக்கு மின்மோட்டார்: எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. எஞ்சின் வேலை பல தடவை செய்தும் எண்ணெய் குடிப்பது நிற்கவில்லை. எங்கள் கராஜ்காரர், எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பற்றரியும் பூட்டித் தருவதாகவும், பத்திர வேலைகளை ஓடவிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பழைய ஸ்ரீ எழுத்துப் பதிவு இலக்கத்தை இழக்க எனக்கு மனமில்லை. அனுமதியை எவ்வாறு பெறுவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: கராஜ்காரர் சொல்லும் வரிசை தலைகீழானது. தங்கள் காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை, எஞ்சினின் கன அளவு, வெற்று நிறை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். மின்மோட்டார் பூட்டிய அன்றே இவற்றுள் செசி இலக்கத்தைத் தவிர மற்றவை அனைத்தும் பொய்யாகிவிடும். பதிவிலுள்ள விபரங்களுக்கும் வீதியில் ஓடும் வாகனத்துக்கும் பொருத்தம் இல்லாத நிலையில், வீதிச் சோதனையில் மறிக்கும் பொலிஸாருக்கோ, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கச் செல்லும் திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலக அலுவலருக்கோ தாங்கள் வாயால் சொல்லும் விளக்கம் போதாது. புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கும் வரை அது பெற்றோல் கார்தான். கேட்கப்படும் பத்திரங்களும் பெற்றோல் காருக்குரியவையாகவே இருக்கும். புகைபோக்கியே இல்லாத காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தும் நிலை தங்களுக்கு வரவேண்டாம்.

ஆகவே எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னரே, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்துக்கு, நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலக முகவரியிட்டு, எழுத்தில் விண்ணப்பியுங்கள். "மின்சாரத்துக்கு மாற்ற அனுமதி தருக" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்து எந்த அலுவலரும் முடிவெடுக்க மாட்டார். பூட்டப்போகும் மோட்டாரின் தயாரிப்பு, தொடர் இலக்கம், வலு, பற்றரியின் வகை, வோல்ற்றளவு, கொள்ளளவு, அது காரில் வைக்கப்படும் இடம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அச்சிலும் இறங்கும் நிறை ஆகியவற்றை வரைபடத்துடன் எழுதி, பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் கையொப்பமிட்ட அறிக்கையையும் இணைத்தால், பரிசோதகர் எதைப் பார்க்கவேண்டும் என்பது அவருக்கும் தெளிவாகும். அனுப்பியதன் பிரதியும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டும் தங்களிடம் இருக்கட்டும். மோட்டாரின் தொடர் இலக்கம் முக்கியமானது. எஞ்சின் இலக்கம் இருந்த இடத்தில் எழுதுவதற்கு வேறு எதுவும் இல்லை. இலக்கம் பொறிக்கப்படாத, பழைய இரும்புக் கடையில் வாங்கிய மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மோட்டார், பற்றரி இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்; இறக்குமதி செய்யப்பட்டவையாயின் சுங்கப் பத்திரங்களின் பிரதியும் வேண்டும்.

ஸ்ரீ இலக்கத்தைப் பற்றிய தங்கள் கவலைக்கு வருகிறேன். அந்த இலக்கம் பதிவு செய்யப்பட்ட வாகனத்துக்கு உரியது. அந்த வாகனத்தின் அடையாளம் செசியில் நிற்கிறது. மொரிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டகம் கிடையாது. உடலும் சட்டகமும் ஒன்றாகவே உருக்கிணைக்கப்பட்டவை. பற்றரிப் பெட்டிக்கு இடம் காண்பதற்காகத் தரைத்தகட்டையோ, முன்பக்கம் நீளும் இரண்டு தாங்குசட்டங்களையோ வெட்டினால், தாங்கள் வெட்டுவது அந்தக் காரின் அடையாளத்தையே. எஞ்சின் இருந்த குழியும், பெற்றோல் தாங்கியின் இடமும், டிக்கியும் போதுமானவை. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளைகளில் பூட்டும்படி, மோட்டாரையும் பற்றரிப் பெட்டியையும் ஏந்தும் பிடிமானங்களைச் செய்விக்கவேண்டும். கழற்றிய எஞ்சினை விற்றுவிடாமல், கிறீஸ் பூசி, எஞ்சின் இலக்கம் தெரியும்படி படம் எடுத்து வைத்திருங்கள். அந்த இலக்கத்தின் கதி என்ன என்று கேள்வி வந்தால் காட்டுவதற்கு அதுவே சான்று. பிற்காலத்தில் பிள்ளைகள் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற விரும்பினாலும் வழி திறந்திருக்கும்.

மோட்டாரின் வலுவில் பேராசை வேண்டாம். தங்கள் காரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் சுமார் 37 குதிரைவலு, அதாவது ஏறத்தாழ 28 கிலோவாற் மட்டுமே தந்தது. நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள காரில் அதைவிட மும்மடங்கு வலுவைப் பூட்டினால் ஓட்டம் இனிக்கும், நிறுத்தம் கசக்கும். பிரான்ஸ் 2020இல் இத்தகைய மாற்றங்களுக்கென விதிகளை வெளியிட்டபோது, மின்மோட்டாரின் வலு பழைய எஞ்சினின் வலுவில் 65 முதல் 100 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றே வரையறுத்தது. விண்ணப்பத்தில் 25 கிலோவாற் அளவிலான மோட்டாரைக் குறிப்பிடுவது பரிசோதகருக்கும் நம்பிக்கை தரும். 20 கிலோவாற்மணி பற்றரி ஏறத்தாழ 150 கிலோ நிறை வரும். கந்தளாய்க்குப் போய்த் திரும்ப அது தாராளம். கொழும்புக்கு அந்தக் காரில் போக நினைத்தால் என் ஆலோசனை இரவு ரயில்தான்.

இனிப் பாதுகாப்பு. 60 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்டம் உயர்மின்னழுத்தமாகவே சர்வதேச விதிகளில் கொள்ளப்படுகிறது. மின்வாகனப் பாதுகாப்புக்கான ஐக்கிய நாடுகளின் 100ஆம் இலக்க ஒழுங்குவிதி, உயர்மின்னழுத்தக் கம்பிகளுக்குச் செம்மஞ்சள் நிற உறையையும், மின்சுற்றுக்கும் உடலுக்கும் இடையில் நேரோட்டத்தில் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் குறைந்தது 100 ஓம் காப்புத்தடையையும் கேட்கிறது. எமது ஊரில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கடற்காற்றின் உப்பு இணைப்பு முனைகளில் படிந்து, வாடைக் காலத்து மழையில் ஈரமானால், அங்கேயே மின்கசிவுக்கு வழி பிறக்கும். பற்றரிப் பெட்டி நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கவேண்டும்; உருகி ஒன்றும், கையால் துண்டிக்கக்கூடிய ஆளி ஒன்றும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இன்னொன்றையும் கராஜ்காரருக்கு நினைவூட்டுங்கள்: அக்காலத்து மொரிஸ் மைனரில் 12 வோல்ற் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். பெரிய பற்றரியின் உயர்மின்னழுத்தத்தை 12 வோல்ற்றாகக் குறைக்கும் இக்கால வோல்ற்று மாற்றிகள் எதிர்முனை உடலுடன் இணைந்திருப்பதையே எதிர்பார்ப்பவை. இதைக் கவனிக்காமல் பூட்டினால் முதல் நாளே புகை வரும். பூட்டும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்தால், மூடியபின் கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பரிசோதகருக்குக் காட்ட உதவும். பரிசோதனை முடிந்து பதிவுப் புத்தகம் திருத்தப்படும் வரை காரை வீதியில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பிரித்தானியாவில் பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றினாலும் பழைய இலக்கத்தை வைத்திருக்கலாம் என்று சட்டம் வந்துவிட்டதாக இலண்டனிலுள்ள என் மச்சான் சொல்கிறார். அதைக் காட்டி இங்கே கேட்க முடியுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மச்சான் சொல்வது உண்மை. அங்கே நெடுங்காலமாகப் புள்ளி முறை ஒன்று இருந்தது: செசி அல்லது ஒருங்கிணைந்த உடலுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பெட்டி, ஸ்ரியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. மாற்றியமைத்த வாகனம் 8 புள்ளிகளைத் தக்கவைக்காவிட்டால் பழைய இலக்கம் போய், அடையாளம் உறுதிப்படாத வாகனங்களுக்கான கியூ எழுத்துத் தகடு வரும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் அகற்றினாலும் 11 புள்ளி மிஞ்சும்; ஆனால் செசியை வெட்டியதாகக் கருதப்பட்டால் அந்த 5 புள்ளியும் ஒருசேரப் போய்விடும். பற்றரிப் பெட்டிக்காகத் துளையிட்டவர்கள் பலர் இதற்குள் அகப்பட்டு அல்லற்பட்டனர். 2025 ஓகஸ்ட் 26 முதல் அங்குள்ள வாகன உரிமம் வழங்கும் நிறுவனம், மின்சாரத்துக்கு மாற்றியதை அறிவித்தால் மூலப் பதிவையும் அடையாளத்தையும் வைத்திருக்கலாம் என விதியைத் தளர்த்தியது.

அந்த விதி இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது. தங்கள் விண்ணப்பத்தில் முன்னுதாரணமாக ஒரு பந்தியில் குறிப்பிடலாம். அதை உரிமையாகக் கோருவது பயன் தராது. பழைய கார்களின் உலகச் சங்கமான ஃபீவாவின் நிலைப்பாட்டையும் அறிந்து வைத்திருங்கள்: மின்சாரத்துக்கு மாற்றிய வாகனத்தை அது வரலாற்று வாகனமாக ஏற்பதில்லை, மாற்றியே ஆகவேண்டுமாயின் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய விதத்தில் செய்து, மூலப் பாகங்களைக் குறியிட்டுப் பேணும்படி சொல்கிறது. கண்காட்சிக்கும் பவனிக்கும் மட்டும் காரை எடுப்பவர்கள் மாற்றவே தேவையில்லை என்பது என் கருத்து. அன்றாடம் ஓட்டுபவரின் நிலைமை வேறு. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரரிடம் மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

கேள்வி: மாற்றிய காருக்குப் பழைய காப்புறுதியே போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: போதாது. எரிபொருள் வகையும் எஞ்சினும் மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்தின் பின் அதையே காரணங்காட்டி இழப்பீட்டை மறுக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு இடமுண்டு. பதிவுப் புத்தகம் திருத்தப்பட்டதும் அதன் பிரதியுடனும் பொறியியலாளரின் அறிக்கையுடனும் எழுத்தில் அறிவித்து, மாற்றம் குறிப்பிடப்பட்ட புதிய ஒப்பந்தத்தைப் பெறுங்கள். பற்றரியின் பெறுமதியைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் காரில் அதிக விலையுள்ள பாகம் அதுவாகத்தான் இருக்கும்.