தைராய்டு முழுவதும் எடுத்தபின் கால்சியம் குறையாமல் தடுக்க முடியுமா?

அம்மாவுக்குத் தைராய்டு முழுவதையும் எடுக்கப் போகிறார்கள், கால்சியம் குறையாமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். நானும் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவள்தான்.

தைராய்டுக்குப் பின்பக்கம் பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலானோருக்கு நான்கு, ஒவ்வொன்றும் சுமார் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைப் பிடித்து வைப்பவை அவைதான். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனாக இருந்தாலும், அவற்றுக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அடிபடலாம். அப்படி ஆனால் சில வாரங்கள் அவை சரியாகச் சுரக்காது. கால்சியம் நன்றாக இறங்குவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். அதாவது டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டில் ரசம் சாதம் சாப்பிட ஆரம்பித்த பிறகு! அதனால்தான் பல டாக்டர்கள் குறையட்டும் என்று காத்திருக்காமல் உடனே மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனக்குக் கால்சியத்தோடு கால்சிட்ரியாலும் கொடுத்தார்கள், அது உடம்பு நேரடியாகப் பயன்படுத்துகிற வைட்டமின் டி. வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கிற 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி முழுதாக வேலை செய்ய அந்தப் பாராதைராய்டு ஹார்மோனின் துணை வேண்டும். கால்சிட்ரியாலுக்கு வேண்டாம், சீக்கிரமும் வேலை செய்யும். பொடி முக்கியமாக ஆபரேஷனுக்கு முன்னால் உதவும். அம்மாவுக்கு வைட்டமின் டி அளவு பார்த்தாகிவிட்டதா? இல்லையென்றால் இப்போதே கேளுங்கள்.

நேரம் முக்கியம். தைராய்டை எடுத்தபின் அதன் ஹார்மோனுக்குப் பதிலாகத் தருகிற தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டால், கால்சியத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும். அம்மா அசிடிட்டிக்குப் பான்டோபிரசோல் மாதிரி ஏதாவது போடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிட்ரேட்டாக மாற்றித் தருவார்.

மாத்திரை போட்டும் எனக்கு லேசாகக் குறைந்தது. உதட்டைச் சுற்றி மரத்தது, ஜாக்கெட் ஊக்கு மாட்டும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிபி பார்க்கப் பட்டையை இறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள், விரல்கள் தாமாக உள்ளே குவிந்தன; கால்சியம் குறைந்ததற்கு அது ஒரு அடையாளம். ரத்தம் எடுத்துப் பார்த்து டோஸைக் கூட்டினார்கள், சரியானது. இந்த மாதிரி வந்தால் அன்றே போய்விடுங்கள். கை கால் இழுத்துக்கொண்டால் எமர்ஜென்சிதான், நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், நாமாகக் கூட்டவும் வேண்டாம். கால்சியத்தால் மலச்சிக்கல் வரலாம். அளவு மீறினால் சிறுநீரகத்தில் கல்லும் வரலாம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.