குளிர்காலப் பிராக்

கேள்வி: ஜனவரியில் தங்கையுடன் செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்குச் செல்லவிருக்கிறேன். அந்தக் குளிரில் பழைய நகரத்தை நடந்தே பார்க்க இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். நானும் என் அண்ணனும் சென்றது ஒரு ஜனவரியில்தான். மாலை நான்கரை மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், விடிந்ததும் சார்லஸ் பாலத்துக்குச் சென்றுவிடுங்கள். மன்னர் நான்காம் சார்லஸின் ஆட்சியில், 1357இல் கட்டத் தொடங்கிய அப்பாலத்தின் இருபுறமும் நிற்கும் 30 சிலைகளை, கோடைக்காலக் கூட்டத்தில் இவ்வளவு நிதானமாகப் பார்க்க வாய்க்காது. 1393இல் வல்டாவா ஆற்றில் வீசப்பட்ட நெபோமுக் ஜான் பாதிரியாரின் சிலையடியில் உள்ள வெண்கலப் பலகை, வருவோர் போவோரெல்லாம் தொட்டுத் தொட்டு ஓரிடத்தில் மட்டும் பொன்போல் மின்னுகிறது. கையுறையைக் கழற்றி அதைத் தொட்ட அண்ணன், நெருப்பைத் தொட்டவர்போல் விரலை உதறிக்கொண்டார்; உலோகம் அவ்வளவு சில்லிட்டிருந்தது.

கல் பாவிய தெருக்கள் பனியில் வழுக்கும் என்பதால், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி மிக அவசியம். குன்றின் மேலுள்ள பிராக் கோட்டைக்கு மேட்டில் ஏறிக் களைக்காமல் 22ஆம் எண் டிராமில் சென்று, திரும்பும்போது இறங்கி நடக்கலாம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் நிறுவப்பட்ட வானியல் கடிகாரத்தில், பகலில் மணிக்கொருமுறை இயேசுவின் திருத்தூதர் பொம்மைகள் வலம் வரும். ஐந்து நிமிடம் முன்னதாகச் சென்றால் போதும், அதற்கு மேல் நின்றால் கால் விரல்கள் மரத்துவிடும். தங்கைக்குக் குளிர் தாங்கவில்லையென்றால் அருகிலுள்ள காபிக் கடையில் அரைமணி நேரம் உட்காருங்கள். எங்கள் பயணத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசியது அங்கேதான்.