மகள் லாஜிக் பக்கம் போகிறாள் என்று கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் அண்ணாச்சி. திருநெல்வேலியில் இ.சி.இ. மூன்றாம் வருஷம் படிக்கிற மகள், எம்படெட் வேலைக்கு (கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்குப் புரோகிராம் எழுதுகிற வேலை) போகாமல் 'மாடலிங் மொழிகளின் ஃபார்மல் செமான்டிக்ஸ்' மேல்படிப்பு என்கிறாள், இதில் சோறு உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

அது என்ன படிப்பு என்று முதலில் பார்ப்போம். அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகிற ரயிலுக்குத் தானியங்கி கேட் ஒன்று வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'ரயில் வருகிறது, மூடு' என்ற சிக்னலும், 'திற' என்ற பட்டனும் ஒரே கணத்தில் வந்தால் எது நடக்கும்? பொறியாளர்கள் இதைக் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்துதான் ஆரம்பிக்கிறார்கள். இப்படி வரைகிற முறைகளைத்தான் மாடலிங் மொழி என்கிறார்கள். படத்தைப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். இரண்டு அம்புக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்தால் எதில் போவது என்பதைப் படம் தானாகச் சொல்லாது. கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல் 1987-ல் எழுதிய ஸ்டேட்சார்ட் என்ற வரைபட முறைக்கு 1994-க்குள் ஏறத்தாழ 20 வகைகள் வந்துவிட்டன. படம் ஒன்றாக இருந்தாலும் வகைக்கு வகை நடப்பது வேறாகலாம். சிமுலேஷனில் மூடிய கேட், அதே படத்திலிருந்து வந்த புரோகிராம் ஓடும்போது திறந்துகொண்டால், செய்த சோதனைக்கு என்ன அர்த்தம்? ஒரு படம் எப்படியெல்லாம் நடக்கலாம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கணிதத்தில் வரையறுப்பதுதான் உங்கள் மகள் கேட்கிற படிப்பு. உயிர் போகிற இடத்தில் இது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. பிரான்சின் கிரெனோபிளில் 1980-களில் உருவான லஸ்டர் என்ற புரோகிராம் மொழி, கணிதத்தில் வரையறுத்த அர்த்தத்தோடு பிறந்தது. அதிலிருந்து வளர்ந்த ஸ்கேட் கருவி ஏர்பஸ் விமானக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பயன்படுகிறது.

சரி, வேலை? உண்டு, ஆனால் வாசல் குறுகல். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் இந்தப் பெயரில் ஆள் எடுப்பது அபூர்வம். விமானம், கார், சிப், மாடலிங் கருவி செய்கிறவர்களுக்குத்தான் இவர்கள் தேவை, அங்கே எம்.டெக்., பிஎச்.டி. இருந்தால் நல்லது. பக்கத்திலிருக்கும் மகேந்திரகிரி இஸ்ரோதான் ஆசை என்றால் அதற்கு இந்தப் படிப்பு வேண்டாம், பி.இ. முடித்து இஸ்ரோவின் வேலை அறிவிப்புக்கு நேரடியாக விண்ணப்பிப்பதுதான் வழி.

செலவை நினைத்து மலைக்காதீர்கள். கேட் (GATE) என்ற பொறியியல் மேல்படிப்பு நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டும் இந்தத் துறைக்குப் பேர்போன இடம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சி மொழியையும், கருவிகளை இயக்குகிற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பையும் அவள் விட்டுவிடக் கூடாது. கருவியைத் தொடாதவர் எழுதும் செமான்டிக்ஸ் பொறியாளருக்கு உதவாது. வழி மாறினாலும் அந்தக் கைவேலை சோறு போடும். கூடவே ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் (NPTEL) டிஸ்கிரீட் மேத்ஸ், ஆட்டோமேட்டா பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஊரில் விற்கிற சர்டிபிகேட் கோர்ஸ் எதற்கும் பணம் கட்டவேண்டாம்.

இந்த செமஸ்டர் லீவில் அந்த ரயில் கேட்டை அவளே வரையட்டும். ரயில் இருக்கும்போது கேட் ஒருநாளும் திறக்காது என்பதை நிரூபித்து எழுதட்டும். எழுதும்போது அவளுக்கு நேரம் போவது தெரியவில்லை என்றால் தாராளமாக அனுப்புங்கள். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் எம்படெட் வேலையே போதும். எழுதியதை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், எந்தக் கல்லூரி என்று அதைப் பார்த்துப் பேசலாம்.