எல்லாம் மண் கலர் ஆகிவிடுகிறது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் தோன்றியது. என் மகளுக்கு ஐந்தரை வயது. கலர் என்றால் உயிர். ஆனால் எதைத் தொடங்கினாலும் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கலக்கி, தாள் முழுக்க மண் கலர் ஆக்கிவிடுகிறாள். பன்னிரண்டு கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தால் இரண்டே நாளில் பன்னிரண்டும் ஒரே நிறம். டிராயிங் கிளாஸில் சேர்த்தோம். கோட்டுக்குள் அடிக்க மாட்டேன் என்கிறாள், கலரை வேஸ்ட் பண்ணுகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். நெட்டில் பார்த்தால் சிலர் கலர் வீல் (நிறங்களை வட்டமாக அடுக்கிய படம்) சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள், சிலர் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், பிள்ளையின் கற்பனை கெட்டுவிடும் என்கிறார்கள். அவள் பாட்டி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு "இது என்னத்தையாக்கும் வரைஞ்சு வச்சிருக்கு?" என்று கேட்கும்போது பிள்ளையின் முகம் வாடிவிடுகிறது. நான் என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலையாக அந்தப் பன்னிரண்டு கலர் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள். ஐந்தரை வயதுப் பிள்ளையின் முன்னால் பன்னிரண்டு நிறத்தையும் ஒரு பிரஷையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தால் அது என்ன செய்யும்? எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும். கல்யாண வீட்டில் இலையில் விழுந்த எல்லாக் கூட்டையும் நாமும் ஒரு தடவை தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறோம்தானே. பன்னிரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று பார்த்திருக்கிறாள், மண் கலர் வந்திருக்கிறது, மறுநாளும் அதுவே வருகிறதா என்று இன்னொரு தடவை பார்த்திருக்கிறாள். பெட்டிக்குச் செலவாகிறது என்பதைத் தவிர எனக்கு இதில் குறை எதுவும் தெரியவில்லை.

ஏன் மண் கலர் வருகிறது என்பதை அவளிடம் சொல்ல வேண்டாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கோபம் வராது. சாயம் என்பது வெளிச்சத்தைத் தின்கிற பொருள். மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் உள்ள நீலப் பங்கைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. நீலச் சாயம் சிவப்புப் பங்கைத் தின்கிறது. இரண்டையும் கலந்தால் இரண்டு பேரும் தின்னாமல் விட்டது பச்சை மட்டும், அதுதான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. சரி, அதோடு சிவப்புச் சாயத்தையும் போட்டால்? அது அந்தப் பச்சையையும் தின்றுவிடும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் இலை மாதிரி ஏதோ கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம்தான் மண் கலர். வெளிச்சத்தையே கலந்தால் கதை நேர் எதிர். உங்கள் போனில் ஒரு மஞ்சள் படத்தை வைத்து, திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்தச் சொட்டு வழியாகப் பாருங்கள். மஞ்சளே இருக்காது, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும். இதை வேண்டுமானால் பிள்ளையிடம் காட்டலாம், ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தர மாட்டாள், அதற்குத் தயாராக இருந்தால்.

எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் சனிக்கிழமை மத்தியானம் நான் செய்வது ரொம்பக் கொஞ்சம். ஆளுக்கு மூன்று சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை, எல்லாம் போஸ்டர் கலர், ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன் அளவுதான். தண்ணீருக்குப் பழைய டப்பா, துடைக்கக் கிழிந்த வேட்டித் துண்டு. தாள் கனமாக இருக்க வேண்டும், நோட்டுத் தாளில் இரண்டு தடவை தேய்த்தாலே ஓட்டை விழுந்து பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும். நான் பழைய கல்யாணக் கார்டுகளைச் சேர்த்து வைத்துப் பின்பக்கத்தைக் கொடுக்கிறேன், நம்ம மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்.

போன மாசம் ஒரு சின்னப் பெண், உங்கள் மகள் வயதுதான் இருக்கும், மஞ்சளில் ஒரு வட்டம் போட்டுவிட்டு பிரஷைக் கழுவாமலே நீலச் சிரட்டையில் முக்கினாள். பிரஷின் நுனியில் நீலம், அடியில் மஞ்சள். அப்படியே தாளில் வைத்து அழுத்தி இழுத்ததும் நடுவில் ஒரு நீலக் கோடு, அதன் இரண்டு ஓரத்திலும் பச்சை கசிந்து வந்தது, பச்சைக்குள் இன்னும் கலக்காத ஒரு மஞ்சள் இழை நூல் மாதிரி ஓடியது. மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. திரும்ப முக்கி இன்னொரு கோடு, அப்புறம் இன்னொன்று, ஏழெட்டு இருக்கும். கடைசிக் கோட்டுக்கு வெள்ளையையும் தொட்டுக்கொண்டாள், வந்தது அப்படியே வாழைக்குருத்தின் நிறம். அந்த அரை மணி நேரத்தில் என் வாயில் இருந்து வந்த ஒரே சொல் 'கொள்ளாம்', நன்றாக இருக்கிறது என்று. அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் மஞ்சளும் சிவப்பும் கொடுங்கள், அதற்கடுத்த வாரம் சிவப்பும் நீலமும். ஆனால் சிவப்பும் நீலமும் சேர்க்கிற வாரத்தில் கொஞ்சம் கவனம். ஊதா வரும் என்று நாம் சொல்லிவிடுவோம், பிள்ளை கலந்து பார்த்தால் காய்ந்த புளி நிறத்தில் ஒன்று வந்து நிற்கும். குற்றம் பாட்டிலில் இருக்கிறது. வெர்மிலியன் என்று எழுதியிருக்கும் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, பிரஷ்யன் ப்ளூ பச்சைப் பக்கம் சாய்ந்தது, இரண்டும் சேர்ந்தால் உங்கள் பழைய மண் கலர்தான். கிரிம்சன் லேக்கும் அல்ட்ராமரின் ப்ளூவும் வாங்குங்கள், நல்ல கத்தரிப்பூ நிறம் வரும். பச்சைக்கு லெமன் எல்லோவும் பிரஷ்யன் ப்ளூவும் சரி. (இந்தப் பிரஷ்யன் ப்ளூவே ஒரு கைத்தவறு. 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்பவர் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய், போட்ட பொட்டாஷ் என்கிற உப்பில் கலப்படம் இருந்ததால் நீலமாக வந்துவிட்டது. அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று யாராவது "கலரை வேஸ்ட் பண்ணுகிறான்" என்று சொல்லியிருப்பார்களா என்று யோசித்துக்கொள்வேன்.)

குறைந்த நிறம் கொடுத்தால் பிள்ளை ஏங்கிப் போகுமே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது, அதன் மேல்தள அறைச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. அந்தச் சுவரோவிய மரபில் அடிப்படை நிறம் மொத்தமே ஐந்து: காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. சிவப்பும் மஞ்சளும் கல்லையும் மண்ணையும் அரைத்து எடுத்தது, கறுப்பு எண்ணெய் விளக்கின் கரி. பச்சையை எப்படி எடுத்தார்கள் தெரியுமா, நீல அமரி என்கிற அவுரிச் செடியின் சாயத்தோடு எரவிக்கரை என்கிற மஞ்சள் பிசினைக் கலந்து. அந்தச் சின்னப் பெண் சிரட்டையில் செய்த அதே வேலை.

இனி உங்கள் பெரிய கேள்வி. சொல்லிக்கொடுக்கவா, விட்டுவிடவா. உங்கள் அம்மாவோ மாமியாரோ மீன் குழம்புக்குத் தேங்காயும் புளியும் அளந்தா போடுகிறார்கள்? கை தானாகப் போகிறது, இல்லையா. அதைப் பார்த்து அவர்களுக்குப் பிறவியிலேயே வந்த உள்ளுணர்வு என்று நாம் சொன்னால் அவர்களுக்கே சிரிப்பு வரும், எத்தனை நாள் புளி கூடிப்போய் ஏச்சு வாங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நிறத்திலும் உள்ளுணர்வு என்பது இப்படிக் கையில் ஊறுவதுதான், நூறு தடவை கலந்த கை நூற்றியோராவது தடவை யோசிக்காமல் போகும். கலர் வீலைச் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைத்தால் அந்த நூறு தடவை அவளுக்குக் கிடைக்காது. பன்னிரண்டு நிறத்தைக் கொட்டி, கற்பனை தானாக வளரட்டும் என்று நாம் சமையலறைக்குப் போய்விட்டாலும் கிடைக்காது. என்ன வைப்பது, எதை எடுத்து ஒளித்து வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், வைத்த பிறகு வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ஆக்கப்பூர்வம், படைப்பாற்றல் என்று பெரிய பெரிய சொல்லாகப் போட்டு எழுதுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, பிள்ளையிடம் முதலில் இருக்க வேண்டியது கிழியாத தாளும் கழுவிய பிரஷும்.

வாயைக் கட்டுவது எனக்கும் சுலபமாக வந்ததில்லை. சில வருஷத்துக்கு முன்னால், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பையன், ஏழு வயது இருக்கும், கடல் வரைந்தான். முழுக்கச் செம்மண் நிறம், நடுவில் ஒரு வள்ளம். நான் பெரிய ஆள் மாதிரி, "கடல் நீலமால்லா இருக்கும் மக்களே" என்று சொல்லி நீலச் சிரட்டையை அவன் பக்கம் தள்ளினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, மேலே நீலத்தைப் பூசினான், ஈரம் காயாததால் எல்லாம் சேர்ந்து அழுக்காகிவிட்டது. அப்புறம் ஒரு ஆனி மாசம், நல்ல மழை கழிந்த மறுநாள், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். குழித்துறை ஆறு கடலில் சேருகிற இடம் அது. ஆறு மலையில் இருந்து அள்ளிக்கொண்டு வந்த மண்ணெல்லாம் கடலுக்குள் இறங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் தண்ணீர் அவன் பூசிய அதே நிறத்தில் கிடந்தது. பையன் அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தான். அதற்கு முன்னால் வந்த சில வாரமும் அவன் கடலை நீலமாகத்தான் வரைந்தான், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அதனால் பாட்டி கேட்கிற கேள்விக்கு நான் பயப்படுவேன். அவர்கள் மேல் தப்பில்லை, ஆசையாகத்தான் கேட்கிறார்கள், நம்ம ஊரில் எதையும் அப்படித்தான் கேட்போம். "இது என்ன?" என்பதை "இந்தக் கலரை எப்படி மக்களே எடுத்தா?" என்று மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லும். இன்னொன்று, பாட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள்: வருகிற ஒவ்வொரு நிறத்துக்கும் பேர் வைக்கிற வேலை. மண் கலர் என்று ஒரே பேரில் தள்ளுகிறோமே, அதில் கருப்பட்டி நிறம் உண்டு, புளி நிறம் உண்டு, சுட்ட ஓடு உண்டு, தை மாசம் ரப்பர் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் இலை உண்டு. சேலைக் கடையில் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று பிரிக்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் கறுப்பு ஒரு பக்கம், மாதுளை முத்து மாதிரிச் சிவப்பு, தேன் நிறம், கண்ணாடி மாதிரி வெள்ளை என்று தனித்தனியாகக் கிடக்கும், தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு அதுவும் மண் கலர்தான். அடுத்த தடவை கடலுக்குப் போகும்போது அவளோடு உட்கார்ந்து பொறுக்கிப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்ய ஒன்று: சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி அப்படியே ரோஸ் பக்கம் போகும். மஞ்சள் தூளைக் கரைத்து சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும், துணியில் மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டு நீங்களே பார்த்திருப்பீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பில் இன்னும் நன்றாகச் சிவக்கும், ஆனால் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய வம்பு.

டிராயிங் கிளாஸைப் பற்றி: கோட்டுக்குள் அடிப்பது கைக்குப் பழக்கம், அவ்வளவுதான், இப்போது அது இல்லாவிட்டால் குடி முழுகாது. ஒரு வருஷம் நிறுத்தி வைத்துவிட்டு, அவளாகக் கேட்டால் அனுப்புங்கள்.

ஏற்கெனவே மண் கலராகிப் போன தாள்களை எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் காய விட்டு, மறுநாள் அதே தாளை அவள் முன்னால் வைத்து, ஒரே ஒரு சிரட்டையில் லெமன் எல்லோவோ வெள்ளையோ மட்டும் கொடுங்கள். அந்த மங்கலுக்கு மேல் ஒரு பொட்டு வைத்தாலே அது விளக்கு ஏற்றியது மாதிரி எரியும். பாரிஸில் கோப்லான் நெசவுச்சாலையின் சாயப் பட்டறையைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் என்கிற வேதியியல்காரர், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராய்ந்து, நூலில் குறை இல்லை, பக்கத்தில் வைத்த நிறத்தால்தான் அப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்து 1839இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். உங்கள் வீட்டில் அதற்கான தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. அதில் ஒன்றை, பின்பக்கம் தேதியும் பாட்டி வைத்த பேரும் எழுதி, எனக்கு அனுப்ப முடியுமா என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்